கென்னடி ஏன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார்? 1960 அமெரிக்க அதிபர் தேர்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

1960 ஜூலை 13 இரவு. லாஸ் ஏஞ்சலஸில் கூடியிருந்த ஜனநாயகக் கட்சி மாநாடு தன் அதிபர் வேட்பாளரை முதல் சுற்றிலேயே முடிவு செய்துவிட்டது. மாசச்சூசெட்ஸ் செனட்டர் ஜான் எஃப். கென்னடிக்கு 806 வாக்குகள். தேவைப்பட்டது 761. இரண்டாவதாக வந்த டெக்சாஸ்காரர் லிண்டன் ஜான்சனுக்கு 409. மாநாட்டுக்கு முந்தைய நாட்களில் இரண்டு தரப்பும் கடுமையாக மோதியிருந்தன. கென்னடிக்கு உடல்நிலை சரியில்லை என்று ஜான்சனின் ஆட்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்தே சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்டவரைத் தேடி மறுநாள் காலை கென்னடியே போனார். இருவரும் பில்ட்மோர் ஹோட்டலில்தான் தங்கியிருந்தார்கள். கென்னடி ஒன்பதாவது மாடி, ஜான்சன் ஏழாவது மாடி. வென்றவர் இரண்டு மாடி இறங்கிப் போய், தோற்றவரைத் துணை அதிபர் வேட்பாளராக நிற்கக் கேட்டார்.

அன்று பகல் முழுக்க நடந்ததைப் பற்றி அங்கிருந்தவர்கள் சொன்ன விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு மரியாதைக்காகக் கேட்டோம், அவர் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கவில்லை என்பது தம்பி ராபர்ட் கென்னடியின் தரப்பு. கென்னடிக்கு முதலிலிருந்தே ஜான்சன்தான் வேண்டியிருந்தார் என்பது எதிர்த் தரப்பு. செய்தி கசிந்ததும் தொழிற்சங்கத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். கார்த் தொழிலாளர் சங்கத்தின் வால்டர் ராய்தர் போன்றவர்கள் வடக்கு மாநிலங்களில் கென்னடிக்காக உழைத்தவர்கள். தென்மாநிலச் செனட்டர் ஒருவரைத் தலையில் கட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. பிற்பகலில் ராபர்ட் ஏழாவது மாடிக்குப் போய், வேண்டாம் என்றால் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் பதவி தருகிறோம் என்று சொல்லிப்பார்த்தார். ஜான்சன் அசையவில்லை. அன்று மாலை மாநாட்டில் அவரைக் குரல் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தார்கள். ஆதரவுக் குரலுக்குச் சற்றும் குறையாமல் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. ஆனாலும் மேடையில் இருந்தவர் நிறைவேறியதாக அறிவித்துவிட்டார்.

இந்தத் தேர்தலைப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஜான்சன் டெக்சாஸை வாங்கிக் கொடுத்தாரா இல்லையா? எனக்கு இந்தக் கேள்வியே குறுகலாகப் படுகிறது. துணை வேட்பாளர் என்பவர் தன் சாதி சனத்தின் வாக்குகளைக் கட்டி எடுத்து வந்து கொட்டுகிறவர் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1960-ல் நடந்தது வேறு. ஒரே கூரையின் கீழ் உட்கார மறுக்கும் இரண்டு தரப்பை, தென்மாநில வெள்ளையரையும் வடக்கு நகரங்களின் கருப்பினத்தவரையும், ஒரே சீட்டுக்கு வாக்களிக்கவைக்க வேண்டியிருந்தது. ஜான்சனின் பயன் அங்கேதான் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள, அவர் பேசிய ஊர்களோடு சேர்த்து, கென்னடி பேசாமல் விட்ட ஊர்களையும் பார்க்க வேண்டும்.

சீட்டும் கணக்கும்

அமெரிக்காவில் வாக்காளர் அதிபருக்கு ஒன்று, துணை அதிபருக்கு ஒன்று என்று தனித்தனியாக வாக்களிப்பதில்லை. இரண்டு பெயரும் ஒரே சீட்டில் வரும். மாநிலத்தில் முந்தியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் வாக்குகள்) அநேகமாக மொத்தமாகப் போய்விடும். முதல் சில தேர்தல்களில் அதிபர் போட்டியில் இரண்டாவதாக வந்தவரே துணை அதிபர். 1800-ல் அது பெரிய குளறுபடியில் முடிந்ததால், 1804-ல் 12-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து இரண்டு பதவிகளையும் பிரித்தது. அதற்குப் பிறகுதான் துணை வேட்பாளர் ஒரு பேரப் பொருளானார்.

1960-ல் மொத்தம் 537 தேர்வாளர் வாக்குகள்; பெரும்பான்மைக்கு 269. இதில் நியூயார்க்குக்கு 45, கலிபோர்னியாவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் 32, இல்லினாய்ஸுக்கு 27, டெக்சாஸுக்கு 24. வடகிழக்கின் தொழில் நகரங்களை மட்டும் பிடித்தால் போதாது. ஜனநாயகக் கட்சிக்குத் தெற்கிலும் கணிசமாக விழ வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலம் தொட்டுத் தெற்கு அந்தக் கட்சியின் கோட்டை. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் அதிபர் ஐசன்ஹோவர் அதில் ஓட்டை போட்டிருந்தார். 1952-லும் 1956-லும் டெக்சாஸ் அவருக்கே விழுந்தது, 1956-ல் லூசியானாவும் விழுந்தது.

தென்மாநிலத்துக்காரர் ஒருவரைத் துணைக்கு நிறுத்தினால் தெற்கு திரும்பிவிடும் என்பது ஜனநாயகக் கட்சியின் பழைய மருந்து. 1932-ல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட், டெக்சாஸின் கார்னரைச் சேர்த்துக்கொண்டார். 1952-ல் ஸ்டீவன்சன் அலபாமாவின் ஸ்பார்க்மேனை நிறுத்தினார், டெக்சாஸ் போய்விட்டது. 1956-ல் டென்னசியின் கெஃபாவர் வந்தார்; அவருடைய சொந்த மாநிலமே எதிர்க்கட்சிக்கு விழுந்தது. ஆக, தெற்கத்திப் பெயர் ஒன்று சீட்டில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை நான்கு வருடம் முன்பே பொய்த்திருந்தது. ஜான்சனிடம் ஸ்பார்க்மேனிடமும் கெஃபாவரிடமும் இல்லாத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

ஜான்சனிடம் இருந்தது

1955 முதல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் அவர். எந்த மசோதா எப்போது வரும், எந்த மாநிலத்துக்கு எந்த அணை, எந்த ராணுவத் தளம் என்பதில் அவர் கை இருந்தது. தெற்கின் செனட்டர்களும் ஆளுநர்களும் மாவட்டக் கட்சிப் பெரியவர்களும் அவருக்குக் கடன்பட்டவர்கள், அல்லது நாளைக்கு அவரிடம் போய் நிற்கவேண்டியவர்கள். தேர்தலில் தோற்றாலும் அவர் செனட் தலைவராகவே திரும்பி வரக்கூடும். அதற்கும் வழி செய்துவைத்திருந்தார். 1959-ல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரே தேர்தலில் இரண்டு பதவிகளுக்கு நிற்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. அதனால் 1960 நவம்பரில் ஜான்சனின் பெயர் டெக்சாஸ் வாக்குச்சீட்டில் இரண்டு இடத்தில் இருந்தது: துணை அதிபர், செனட்டர். இரண்டிலும் ஜெயித்தார். அவர் விட்டுக்கொடுத்த செனட் இடத்தை 1961 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜான் டவர் பிடித்துக்கொண்டார் என்பது இந்தக் கணக்கில் பலரும் எழுத மறக்கும் செலவு.

இனப் பிரச்சினையில் அவர் நின்ற இடமும் வசதியான இடம். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 1956-ல் தென்மாநில உறுப்பினர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். அதில் ஜான்சன் கையெழுத்திடவில்லை. 1957-ல் கருப்பினத்தவருக்கான குடிமை உரிமைச் சட்டம் ஒன்றைச் செனட்டில் நிறைவேற்றிக் காட்டினார். ஆனால் அதன் பல்லைப் பிடுங்கித்தான் நிறைவேற்றினார். தெற்கு அவரை நம்ப இது போதுமானது, வடக்கு அவரைச் சந்தேகிக்கவும் இதுவே போதுமானது.

இதற்கு நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் மாநாடு ஏற்றுக்கொண்ட தேர்தல் அறிக்கை, இன சமத்துவத்தைப் பற்றி அதுவரை அந்தக் கட்சி பேசாத அளவுக்கு உறுதியாகப் பேசியது. தெற்குப் பிரதிநிதிகள் எதிர்த்தும் பலனில்லை. கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். அறிக்கை வடக்குக்குக் கிடைத்தது, ஆள் தெற்குக்குக் கிடைத்தார். தெற்கின் தலைவர் ஒருவர் தன் ஊரில் போய், அறிக்கை கிடக்கட்டும், நம் ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஜான்சன் இல்லாமல் அந்த அறிக்கையோடு கென்னடி தெற்கே போயிருந்தால் எத்தனை ஆளுநர்கள் மேடையேறியிருப்பார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தேகம். 1952-ல் டெக்சாஸ் ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ் தன் கட்சியை விட்டு ஐசன்ஹோவருக்கு வேலை செய்தார். 1960-ல் ஷிவர்ஸ் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்டு நிக்சன் பக்கம் போனார். ஆனால் அப்போதைய ஆளுநர் பிரைஸ் டேனியல் கட்சிச் சீட்டோடு நின்றார். துணை வேட்பாளர் முதலில் அசைப்பது தலைவர்களை. வாக்காளர் அசைவது அதற்குப் பின்னால்.

தெற்கே ஓடிய ரயில்

அக்டோபர் நடுவில் ஜான்சன் வாஷிங்டனிலிருந்து ரயிலேறினார். ஐந்து நாள், எட்டு மாநிலம். வர்ஜீனியாவில் தொடங்கிய பயணம் நியூ ஆர்லியன்ஸில் முடிந்தது. சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்கும். கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று பேசுவார். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நடந்ததுதான் முக்கியமான வேலை. உள்ளூர்க் கட்சிக்காரர்கள், மாவட்ட அதிகாரிகள், சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு ஸ்டேஷனில் ஏறி, ஜான்சனோடு கை குலுக்கி, படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்குவார்கள். அவர் மனைவி லேடி பேர்டு அலபாமாவில் வேர் உள்ள குடும்பத்துப் பெண். அங்கே உறவுமுறை பேசவும் ஆள் இருந்தது.

வர்ஜீனியாவின் கல்பெப்பரில் வண்டி நகரத் தொடங்கிய பிறகும் அவர் மைக்கை விடாமல் கத்திக் கேட்டார்: "கல்பெப்பருக்கு டிக் நிக்சன் என்ன செய்தார்?" பத்திரிகைக்காரர்கள் இதை வேடிக்கையாக எழுதினார்கள். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. இனம், மதம் இரண்டைப் பற்றியும் மூச்சுவிடாமல், உன் ஊருக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள் என்ற ஒரே கேள்விக்குள் அந்த ஊரை அவர் இழுத்துவந்தார். சாலையும் மின்சாரமும் விவசாய மானியமும் யார் ஆட்சியில் வந்தன என்று அந்தக் கூட்டத்துக்கு நினைவிருந்தது.

கென்னடி கத்தோலிக்கர் என்ற விஷயத்தைத் தொடவேண்டிய இடத்தில் வேறொரு கதை வைத்திருந்தார். கென்னடியின் அண்ணன் ஜோசப் 1944-ல் வெடிமருந்து நிரப்பிய விமானத்தில் போய் இறந்தவர். கூடவே இறந்தவர் டெக்சாஸ்காரர். அந்த இரண்டு பேரும் விமானம் ஏறும்போது எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லையே என்பார் ஜான்சன். ஒரு கத்தோலிக்கருக்கு வாக்களிக்கலாமா என்று தயங்கிய பாப்டிஸ்டுப் பிரிவு புரோட்டஸ்டன்டுகளின் முன்னால், கத்தோலிக்கர் அல்லாத தெற்கத்தியர் ஒருவர் இதைச் சொல்வதற்கு இருந்த எடை, கென்னடியே சொன்னால் இருந்திருக்காது.

ஆனால் ரயில் போன இடமெல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும். பயணம் தொடங்கிய வர்ஜீனியா நிக்சனுக்கு விழுந்தது. புளோரிடாவும் அவருக்கே. மிசிசிப்பியில் இரண்டு கட்சியையும் தள்ளிவிட்டு, யாருக்கும் கட்டுப்படாத தேர்வாளர் பட்டியல் ஜெயித்தது.

நவம்பர் 4 அன்று டல்லாஸில் நடந்தது திட்டமிடாத பிரச்சாரம். அடால்ஃபஸ் ஹோட்டலுக்குள் ஜான்சனும் மனைவியும் நுழைந்தபோது, குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர் புரூஸ் ஆல்ஜரின் தலைமையில் நல்ல வசதியான வீட்டுப் பெண்கள் உட்பட ஒரு பெருங்கூட்டம் அவர்களை மறித்துக் கூச்சலிட்டது, தள்ளியது. ஜான்சன் போலீஸ் பாதுகாப்பை விலக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தெற்கின் பெண்மணி ஒருவரை நடுத்தெருவில் அவமதித்தார்கள் என்பது அந்த ஊர்களில் லேசான விஷயம் இல்லை. அதுவரை ஒதுங்கியிருந்த ஜார்ஜியாவின் மூத்த செனட்டர் ரிச்சர்டு ரசல், அதன் பிறகு டெக்சாஸுக்கு வந்து சீட்டுக்காகப் பேசினார். தேர்தலுக்கு அப்போது நான்கு நாள்தான் இருந்தது.

கத்தோலிக்கரின் வாக்கு

கென்னடியின் ஆட்கள் வாக்கு வங்கிக் கணக்கில் புதியவர்கள் இல்லை. 1956-லேயே, தன்னைத் துணை வேட்பாளராக்கக் கட்சியிடம் பேச அவர் தரப்பு ஒரு குறிப்புத் தயாரித்துச் சுற்றுக்கு விட்டது. எழுதியவர் கென்னடியின் உதவியாளர் டெட் சோரன்சன். வெளியே கனெக்டிகட் கட்சித் தலைவர் ஜான் பெய்லியின் பெயரில் உலவியது. கத்தோலிக்கர் நிறைந்த 14 மாநிலங்களைப் பட்டியலிட்டு, அங்கே ஐசன்ஹோவருக்குத் தாவிப்போன கத்தோலிக்கரை ஒரு கத்தோலிக்கத் துணை வேட்பாளர் திரும்பக் கொண்டுவருவார் என்று அது வாதித்தது. அந்த வருடம் கெஃபாவரிடம் கென்னடி தோற்றார். நான்கு வருடம் கழித்து அதே கணக்கு சீட்டின் முதல் பெயரான அதிபர் வேட்பாளருக்கே பொருத்தப்பட்டது.

1928-ல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் படுதோல்வி அடைந்திருந்தார், தெற்கிலேயே பல மாநிலங்களை இழந்தார். அந்தப் பயத்தைப் போக்க, புரோட்டஸ்டன்டுகள் மிகுந்த மேற்கு வர்ஜீனியாவில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், உட்கட்சிப் போட்டியாளர் செனட்டர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியைத் தோற்கடித்துக் காட்டினார் கென்னடி. செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புரோட்டஸ்டன்டுப் போதகர்கள் முன்னால் நின்று, நான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் இல்லை, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கராகவும் இருக்கிறேன் என்றார். அந்தப் படச்சுருளைப் பிரச்சாரக் குழுவே ஊர் ஊராகத் தொலைக்காட்சியில் போட்டது. பார்த்த கத்தோலிக்கருக்கு ஒன்று புரிந்தது, புரோட்டஸ்டன்டுக்கு வேறொன்று புரிந்தது. இரண்டும் கென்னடிக்கு உதவியது.

காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பின்படி கத்தோலிக்கரில் 78 விழுக்காடு கென்னடிக்கு. புரோட்டஸ்டன்டுகளில் 38 மட்டுமே. மதத்தால் நாடு முழுவதும் மொத்த வாக்கில் கென்னடிக்கு நட்டம்தான் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இழந்த வாக்குகளில் பெரும்பகுதி, இழந்தாலும் மாநிலம் கைவிட்டுப் போகாத தெற்கில் இருந்தது. பெற்ற வாக்குகள் நியூஜெர்சி, இல்லினாய்ஸ் போன்ற இழுபறி மாநிலங்களில் வந்து விழுந்தன. வாக்கு வங்கியின் அளவைவிட அது எந்த ஊரில் குடியிருக்கிறது என்பதே இந்தத் தேர்தல் முறையில் பெரிய விஷயம்.

மெக்சிக்க வம்சாவளியினரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'விவா கென்னடி' மன்றங்கள் டெக்சாஸிலும் தென்மேற்கிலும் கிளைபரப்பின. டாக்டர் ஹெக்டர் கார்சியா போன்ற முன்னாள் ராணுவத்தினர் அவற்றை நடத்தினார்கள். ஜாக்குலின் கென்னடி ஸ்பானிய மொழியிலேயே தொலைக்காட்சி விளம்பரத்தில் பேசினார். இவர்களும் கத்தோலிக்கர்கள். டெக்சாஸில் வாக்களிக்க வரி கட்டி ரசீது வாங்க வேண்டியிருந்த காலம் அது. ஏழை மெக்சிக்கர் ஒருவர் ரசீதோடு வரிசையில் நின்றதற்குப் பின்னால் அந்த மன்றங்களின் மாதக்கணக்கான உழைப்பு இருந்தது. டெக்சாஸ் வெற்றியை ஜான்சன் ஒருவருக்கே எழுதிவைப்பவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இது வருத்தம் தரும் விடுபடல்.

சிறையும் நீலத் துண்டறிக்கையும்

அக்டோபர் 19 அன்று அட்லாண்டாவின் ரிச்சஸ் கடையில் கருப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்ததை எதிர்த்து உட்கார்ந்த மாணவர்களோடு மார்ட்டின் லூதர் கிங்கும் கைதானார். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். கிங்கை மட்டும் ஒரு பழைய ஓட்டுநர் உரிம வழக்கைக் காட்டிப் பிடித்துவைத்து, நான்கு மாதம் கடுங்காவல் விதித்தார் பக்கத்து டிகால்ப் மாவட்ட நீதிபதி. ரீட்ஸ்வில் மாநிலச் சிறைக்கு இரவோடு இரவாக விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி கொரெட்டா அப்போது கர்ப்பிணி. உயிரோடு திரும்புவாரா என்ற பயம் அவருக்கு இருந்தது, அன்றைய ஜார்ஜியாவில் அது வீண் பயம் இல்லை.

கென்னடி குழுவில் கருப்பினத்தவர் விவகாரங்களைக் கவனித்த ஹாரிஸ் வாஃபோர்டும் லூயி மார்ட்டினும் யோசித்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கென்னடியின் மைத்துனர் சார்ஜன்ட் ஷ்ரைவர், சிகாகோவில் மற்ற ஆலோசகர்கள் விலகும்வரை காத்திருந்து, தனியாக இருந்த கென்னடியிடம் இதைச் சொன்னார். அக்டோபர் 26 அன்று கென்னடி கொரெட்டாவிடம் ஓரிரு நிமிடம் ஆறுதலாகப் பேசினார். மறுநாள் கிங் ஜாமீனில் வந்தார். நீதிபதியோடு ராபர்ட் கென்னடியும் தொலைபேசியில் பேசியிருந்தார். அழைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டபோது வாஃபோர்டையும் ஷ்ரைவரையும் திட்டித் தீர்த்தவரும் இதே ராபர்ட்தான். தெற்கு போய்விடும் என்பது அவர் பயம்.

கிங்கின் தந்தையும் ஒரு போதகர். கென்னடி கத்தோலிக்கர் என்பதற்காக நிக்சனை ஆதரிப்பதாகச் சொல்லியிருந்தவர். மகன் வெளியே வந்ததும், என்னிடம் ஒரு பெட்டி நிறைய வாக்குகள் இருக்கின்றன, அவற்றைக் கென்னடியின் மடியில் போடுவேன் என்று அறிவித்தார்.

வெள்ளையர் படிக்கும் பத்திரிகைகளில் இந்தச் செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்துபோனது. லூயி மார்ட்டினும் வாஃபோர்டும் அதை வேறு பாதையில் கொண்டுபோனார்கள். நீல நிறக் காகிதத்தில் ஒரு துண்டறிக்கை அச்சானது. கென்னடியின் பெயரில் இல்லை, போதகர்களின் குழு ஒன்றின் பெயரில். வாய் திறக்காத நிக்சனா, இதயமுள்ள கென்னடியா என்று அது கேட்டது. உள்ளே கிங் குடும்பத்தினரும் மற்றத் தலைவர்களும் சொன்ன வார்த்தைகள். ஏறத்தாழ 20 லட்சம் பிரதிகள். தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் கருப்பினத்தவரின் சர்ச் வாசல்களில் அவை கைமாறின. அந்தச் சர்ச்சுக்குள் போகாத ஒருவருக்கு அப்படியொரு பிரச்சாரம் நடந்ததே தெரியாது.

இதைச் செய்ய முடிந்ததற்கும் ஏழாவது மாடிக்குப் போனதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் என் வாதம். தெற்கில் கென்னடியின் முகமாக ஜான்சன் இருந்தார். அதனால் அந்தத் தொலைபேசி அழைப்பைத் தாங்கிக்கொள்ளும் பலம் சீட்டுக்கு இருந்தது. ஜார்ஜியாவையே பாருங்கள். கிங்கைச் சிறையில் அடைத்த அதே மாநிலத்தில், அவருக்காகப் பேசிய கென்னடி ஏறக்குறைய 62.5 விழுக்காடு வாங்கினார். சொந்த மாநிலமான மாசச்சூசெட்ஸில் அவருக்குக் கிடைத்தது 60 சொச்சம். ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சிக்கு வேரே இல்லை என்பது இதற்கு ஒரு பெரிய காரணம். எல்லாவற்றையும் ஜான்சன் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஆனால் அழைப்புக்குப் பிறகும் அங்கே யாரும் மேடையை விட்டு இறங்கவில்லை.

எதிர்ப் பக்கம்

நிக்சன் தேர்ந்தெடுத்த ஹென்றி கேபட் லாட்ஜ், ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்து தொலைக்காட்சியில் நாடறிந்தவர். மாசச்சூசெட்ஸ்காரர், 1952-ல் செனட் தேர்தலில் கென்னடியிடம் தோற்றவர். அவரால் அந்த மாநிலம் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். வெளியுறவு அனுபவம் என்ற பிம்பத்துக்காக அவரைச் சேர்த்தார்கள்.

அக்டோபர் 12 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் பேசும்போது, நிக்சன் அமைச்சரவையில் ஒரு கருப்பினத்தவர் இடம்பெறுவார் என்று லாட்ஜ் உறுதி சொன்னார். நிக்சனிடம் கேட்டுச் சொன்னதில்லை அது. தெற்கில் ஒரே கூச்சல். நிக்சன் தரப்பு பின்வாங்கி, தகுதி பார்த்துத்தான் நியமிப்போம் என்றது, லாட்ஜும் இறங்கிவந்தார். வாக்குறுதியைக் கேட்டுத் தெற்கு வெள்ளையர் முகம் சுளித்தார்கள், அதை விழுங்கியதைப் பார்த்து வடக்கின் கருப்பினத்தவர் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

நிக்சனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 1957-ல் கானா விடுதலை விழாவில் கிங்கைச் சந்தித்துப் பழகியவர் அவர். இனப் பிரச்சினையில் அதுவரை கென்னடியைவிட அவருடைய கணக்கு மோசமாக இருந்ததில்லை. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அவருக்காகப் பிரச்சாரமே செய்தார். கிங் விஷயத்தில் ஏதாவது பேசுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். நிக்சன் வாயே திறக்கவில்லை. தெற்கைத் தாங்கிப்பிடிக்க அவரிடம் வேறு ஆள் இல்லை. இரண்டு தரப்பையும் தன் ஒரே வாயால் சமாளிக்க வேண்டியிருந்தவர் பேசாமலிருப்பதைத் தேர்ந்தெடுத்தார்.

எண்ணிப் பார்த்தால்

நவம்பர் 8 வாக்குப்பதிவு. பதிவான 6.8 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் கென்னடியின் முன்னிலை சுமார் 1,13,000. அலபாமாவில் கட்சியின் 11 தேர்வாளர்களில் 5 பேர் மட்டுமே கென்னடிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால், அந்த மாநில வாக்கை எப்படிப் பிரித்து எழுதுவது என்பதைப் பொறுத்து இந்த முன்னிலையே மாறும். தேர்வாளர் வாக்கு: கென்னடி 303, நிக்சன் 219, போட்டியிலேயே இல்லாத வர்ஜீனியா செனட்டர் ஹாரி பைர்டுக்கு 15.

டெக்சாஸில் முன்னிலை 46,000-க்குச் சற்று மேல். இல்லினாய்ஸில் 9,000-க்கும் குறைவு. இந்த இரண்டு மாநிலமும் மாறியிருந்தால் நிக்சனுக்கு 270, அதிபர் பதவி. இரண்டிலும் நீளும் முறைகேட்டுச் சர்ச்சைக்குள் நான் போகப்போவதில்லை. அது தனியாக எழுதவேண்டிய விஷயம். இல்லினாய்ஸில் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது சிகாகோவின் கருப்பினத்தவர் வாக்கு. கென்னடி பத்தாயிரத்துக்கும் குறைவாக முந்திய இன்னொரு மாநிலம் தென் கரோலினா. அது ரயில் போன ஊர், துண்டறிக்கை போன ஊரும்கூட.

துணை வேட்பாளரின் சொந்த மாநிலத்தில் கிடைக்கும் கூடுதல் வாக்கு பொதுவாக மிகச் சிறியது என்று பல தேர்தல்களைச் சேர்த்துப் பார்த்த அரசியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1960 டெக்சாஸையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். ஐசன்ஹோவர் இல்லாத தேர்தலில் டெக்சாஸ் தானாகவே பழைய கட்சிக்குத் திரும்பியிருக்கும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஜான்சன் பெயரைப் பார்த்து மனம் மாறிய வாக்காளர் எத்தனை பேர் என்று தேடினால் குறைவாகத்தான் கிடைப்பார்கள் என்று நானும் நினைக்கிறேன். மாறாமல் நின்ற ஆளுநர்களும் செனட்டர்களும் கருத்துக்கணிப்பில் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் கணிப்பில் வராது. தென்மாநில வாக்கு என்று இங்கே சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெள்ளையர் வாக்கு. 1960-ல் டெக்சாஸ், வர்ஜீனியா, அலபாமா, மிசிசிப்பி, ஆர்கன்சா ஆகிய ஐந்து மாநிலங்களில் வாக்களிக்க வரி கட்ட வேண்டும். எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கருப்பினத்தவரைத் திருப்பி அனுப்புவது வாடிக்கை. மிசிசிப்பியில் அறுபதுகளின் முற்பகுதியில் வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்த கருப்பினத்தவர், ஏறத் தகுதியானவர்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜான்சனைச் சேர்க்கச் சொன்ன கணக்கே இந்த அநீதியின் மேல் கட்டியது. மிசிசிப்பிக் கருப்பினத்தவர் எல்லாரும் பட்டியலில் இருந்திருந்தால் 1960-ல் யாருக்கு யார் துணை வேட்பாளர் என்பதே வேறாக இருந்திருக்கும்.

கடன் திரும்பி வந்தபோது

இரு தரப்பையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு அதிகாரத்துக்கு வந்ததும் இறுகியது. கென்னடி குடிமை உரிமைச் சட்டத்தை 1963 ஜூன் வரை தள்ளிப்போட்டார். அந்த நவம்பரில் அவர் டெக்சாஸுக்குப் போனதற்கு ஒரு காரணம், ஆளுநர் கானலிக்கும் செனட்டர் யார்பரோவுக்கும் இடையே முற்றியிருந்த உட்கட்சிச் சண்டை. 1964-ல் அந்த மாநிலத்தின் வாக்குகள் மறுபடி வேண்டியிருந்தன. நவம்பர் 22 அன்று டல்லாஸில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். தெற்கைத் தாங்கிப்பிடிக்கச் சேர்த்துக்கொண்ட ஆள் அதிபரானார்.

1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜான்சன். 1957-ல் பிடுங்கிய பற்கள் இந்த முறை இருந்தன. செனட்டில் அதை எதிர்த்து வாரக்கணக்கில் விவாதத்தை இழுத்தடித்தவர்களின் தலைவர், 1960-ல் டல்லாஸ் ஹோட்டல் சம்பவத்துக்குப் பிறகு டெக்சாஸுக்கு ஓடிவந்த அதே ரிச்சர்டு ரசல். தேர்தல் வந்தபோது ஜான்சன் தனக்குத் துணையாகத் தெற்கத்தியர் யாரையும் தேடவில்லை. அந்தச் சட்டத்தைச் செனட்டில் முன்னின்று நடத்திய மின்னசோட்டாவின் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியை எடுத்துக்கொண்டார். வாக்களித்த கருப்பினத்தவரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அவர்களை ஆதரித்தார்கள். 44 மாநிலங்கள் கிடைத்தன. கிடைக்காத ஆறில் ஒன்று எதிர் வேட்பாளர் கோல்டுவாட்டரின் சொந்த மாநிலம் அரிசோனா. மற்றவை மிசிசிப்பி, அலபாமா, லூசியானா, தென் கரோலினா, ஜார்ஜியா. ஜார்ஜியா தன் வரலாற்றிலேயே முதல் முறையாகக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு வாக்களித்தது.